ஊரார் கொன்ற கொம்பையா

பலவேசத்தைக் கொம்பையா வெட்டியது பட்டப்பகலில், வெள்ளூரணி பேருந்து நிறுத்தத்தில். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். டீக்கடைச் சட்டியில் வடை வெந்துகொண்டிருந்தது. ஆனாலும் வழக்கு என்று வந்தபோது, கண்ணால் பார்த்ததாகச் சொல்ல முன்வந்தவள் ஒருத்திதான். பலவேசத்தைப் பெற்ற கோமதி.

காரணம் தண்ணீர். கொம்பையா ஊர்க் குளத்துக்குள் ஆழ்குழாய்களை இறக்கி, லாரி லாரியாகத் தண்ணீரைத் தொழிற்பேட்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. கேட்டவர்கள் கன்னத்தில் அறை வாங்கினார்கள். மீறிக் கேட்டவர்களின் வைக்கோல் படப்பில் தீ விழுந்தது. பலவேசம் மட்டும் விடாமல் அலைந்து, அதிகாரிகளைக் கூட்டிவந்து குழாய்களுக்கு முத்திரை வைக்கச் செய்தான். கொம்பையா அவனுக்குத் தூரத்து உறவில் சித்தப்பா. இரு வீட்டுக்கும் ஒரே குலசாமி. அதெல்லாம் அரிவாளுக்குத் தெரியவில்லை.

மகன் சரிந்தபோது கோமதி பக்கத்தில் நின்றாள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு அவள் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவிய கையை மோந்து பார்ப்பாள், மறுபடி கழுவுவாள். தோல் வெளுத்து உரியத் தொடங்கியது.

மூத்தவள் செண்பகவல்லி. கணவனை விட்டு வந்து தாயோடு இருந்தாள். ஊருக்கும் தாலுகா ஆபீஸ் இருக்கும் டவுனுக்கும் இடையே பேட்டரி ஆட்டோ ஓட்டினாள். தம்பி வெட்டுப்பட்ட நேரத்தில் டவுனில் இருந்தாள். தம்பியைப் பறிகொடுத்த வீட்டில் தாயும் போய்க்கொண்டிருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. அதனால்தான், அதுவரை காறித் துப்பிய இடத்துக்கே தாயை ஏற்றிக்கொண்டு போனாள்.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் அமைதி மையம். ஜனங்கள் பழிக்கூடம் என்றார்கள். பழிக்குப் பழி என்று தலைகள் உருண்டுகொண்டிருந்த மாவட்டம் அது. அப்பனுக்காக மகன், மகனுக்காக மருமகன் என்று இரண்டு மூன்று தலைமுறைக்கு நீளும் கணக்குகள். பழிக்கூடம் வந்த பிறகு அது நின்றது. கொல்லப்பட்டவனின் வீட்டார் அங்கே போய்ப் படுத்தால், கொன்றவனைத் தங்கள் கையாலேயே கொல்லலாம். யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வராது.

மையத்தின் பொறுப்பாளர் டாக்டர் ரெஜினா, ஐம்பதை நெருங்கும் அமைதியான பெண். கோமதியின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படம் காட்டுவீங்களோ?" என்று கேட்டாள் செண்பகம்.

"படம்னா கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இது கைக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். அரிவாளோட கனம், அவன் மேல வர்ற பீடி வாடை, எல்லாம் இருக்கும். பழைய மெஷின்ல ஒரு குறை இருந்துச்சு. 'இது நெசமில்ல'ன்னு உள்மனசுக்குத் தெரியும். ஆறு மாசத்துல கோவம் திரும்பி வந்துரும். இது புது மெஷின். முடிஞ்சதும் ஒரு ஊசி போடுவோம். புது ஞாபகம் ஈர சிமெண்ட் மாதிரி. அது இறுகுற நேரத்துல இந்த மருந்து உள்ள போனா, நடந்த விஷயமாவே நின்னுரும்."

"கொலை பண்ணினோமேன்னு பயம் வராதா?"

"வராது. போலீஸ் பயம், பாவம் பண்ணிட்டோமேங்கிற உறுத்தல், எதுவும் ஒட்டாது. நியாயம் நடந்துருச்சுங்கிற நிம்மதி மட்டும் தங்கும். வெளிய போய் யார்கிட்டயும் பேசாதீங்கன்னு சொல்லி அனுப்புவோம். பேசவும் மாட்டாங்க. அவங்களுக்குத் தோணாது."

கோமதி உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் கழுவி விட்டதுபோல் இருந்தது. ஆட்டோவில் ஏறியதும், "ஏட்டி, பசிக்கு. எங்கயாவது நிறுத்து" என்றாள்.

சாலையோரக் கடையில் நாலு இட்லி தின்று இன்னும் இரண்டு கேட்ட தாயைப் பார்த்துச் செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அந்த டாக்டரம்மா அவளுக்குத் தெய்வமாகத் தெரிந்தாள்.

*

வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தது. டீக்கடை சுடலைமணி, தான் அந்த நேரத்தில் கடைக்குள் குனிந்து மாவு எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டான். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் குனிந்திருந்தார்கள். மிஞ்சியது கோமதி.

"அம்மா, உங்க மகனை வெட்டினது யாரு?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"கொம்பையா."

"அவரு இந்தக் கோர்ட்டுல இருக்காரா? கையக் காட்டுங்க."

கோமதி கூண்டில் நின்றவனைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, நெற்றி நிறையத் திருநீறு. தெரியாத ஊரில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இவரு இல்லய்யா."

வக்கீல் குரலை இறக்கினார். "நல்லாப் பாருங்கம்மா. பயப்படாதீங்க."

"பயம் என்னத்துக்கு? அவன் எப்படிய்யா இங்க வருவான்? அவன் செத்துட்டான்லா."

நீதிமன்றம் சலசலத்தது. கொம்பையாவின் வக்கீல் மெல்ல எழுந்தார். "எப்படிச் செத்தாரு, தாயி?"

கோமதி சுற்றும் முற்றும் பார்த்தாள். கேட்கிறார்களே என்று சொல்பவள்போலச் சொன்னாள்: "நான்தான் வெட்டினேன். கொளத்துக்கரையில வச்சு. 'மயினி, விட்ரு'ன்னு கையெடுத்துக் கும்பிட்டான். விடல."

அவள் முகத்தில் வெறியில்லை, வருத்தமும் இல்லை. கொடுத்த வாக்கை நிறைவேற்றியவளின் தெளிவு இருந்தது. அந்தத் தெளிவைப் பார்த்த பிறகு அவளுடைய எந்தச் சொல்லையும் நீதிபதியால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சாட்சி நம்பத்தக்கதல்ல என்று எழுதிக் கொம்பையாவை விடுவித்தார். மேல்முறையீடும் நிற்கவில்லை. ஊர் எல்லையில் அவனை வேட்டுப் போட்டு வரவேற்றார்கள். குழாய்களின் முத்திரை உடைந்தது. லாரிகள் மறுபடி உறுமின.

செண்பகம் நேராகப் பழிக்கூடத்துக்குப் போனாள். வாசலில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"எங்கம்மாவ என்ன செஞ்சிய? ஒத்தச் சாட்சி. அந்த ஒண்ணையும் கெடுத்துட்டியளே! ரெண்டு மாசம் பொறுத்துச் செய்வோம்னு சொல்லத் தெரியாதா?"

ரெஜினாவின் முகம் வெளிறியிருந்தது. நீதிமன்றச் செய்தி அவளுக்கும் வந்திருந்தது. "ஆளை நேர்ல பார்த்தும் அடையாளம் தெரியாத அளவுக்குப் போகும்னு எதிர்பார்க்கல. அது எங்க தப்புதான். ஆனா செண்பகம், நீங்க என்ன கேட்டு வந்தீங்க? அம்மா சாப்பிடணும், தூங்கணும்னு. சாப்பிடுறாங்களா?"

"சாப்புடுதா."

"தூங்குறாங்களா?"

"தூங்குதா. கொன்னவனும் தூங்குதான்."

"எங்க அப்பாவையும் ரெண்டு பெரியப்பாவையும் இப்படித்தான் வெட்டினாங்க. எங்க வீட்டு ஆம்பளைங்களை நான் போட்டோவுல மட்டும்தான் பார்த்திருக்கேன். இந்த மெஷின் அன்னைக்கு இருந்திருந்தா..."

"இருந்திருந்தா, ஒங்க அப்பாவ வெட்டினவன் ஒங்க தெருவுலயே மீசைய முறுக்கிக்கிட்டு அலைஞ்சிருப்பான். நீங்க அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்திருப்பிய."

ரெஜினா மேசைமேல் இருந்த கோப்பைத் திறந்தாள். பிறகு, "உயிரோட இருந்திருப்பாங்கன்னு நான் சொல்ல வந்தது, அப்பாவுக்காகப் பழி வாங்கப் போய்ச் செத்த எங்க அண்ணன்களை" என்றாள். "உங்க பேரும் எங்ககிட்ட இருக்கு. அக்காங்கிற முறையில உங்களுக்கும் உரிமை உண்டு. உங்க கண்ணைப் பார்த்தா பயமா இருக்கு. எப்ப வேணா வாங்க."

"வர மாட்டேன். எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான். இதையும் தொடச்சி எடுத்துட்டா பலவேசத்துக்குன்னு ஒலகத்துல ஒருத்தரும் இல்ல."

*

அரிவாள் ஒன்றைச் சாணை பிடித்து ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைத்திருந்தாள். அதை எடுக்கும் நாள் தானாக வரும் என்று காத்திருந்தாள். வந்த நாள் வேறு மாதிரி வந்தது.

தாயும் மகளும் பேருந்து நிறுத்தத்தில் ஆட்டோவை ஒட்டி நின்று காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கொம்பையா வேண்டுமென்றே குறுக்கே வந்து நின்றான். வேட்டியை மடித்துக் கட்டினான். பலவேசம் விழுந்த அதே இடம்.

"என்ன மயினி, சௌக்கியமா?"

செண்பகத்தின் கை சீட்டுக்கு அடியில் போனது. கோமதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, "ஏட்டி, இந்த மனுசன் கொம்பையா சாயல்லயே இருக்காருல்லா? ஒறமொறயா இருக்கும்" என்றாள். அவனிடம் இரக்கமாகச் சொன்னாள்: "ஐயா, கொம்பையாவத் தேடி வந்தியளோ? அவரு செத்துப் போயி எம்புட்டோ நாளாச்சு. வீட்டுல அவரு பெஞ்சாதி இருக்கா. போய் எழவு கேட்டுட்டுப் போங்க."

"கெழட்டு முண்ட, நடிக்கியா?" என்று கத்தினான் கொம்பையா. "நான்தான் கொம்பையா! ஒம் மவன வெட்டினவன்!"

கோமதி பயப்படவில்லை. கோபப்படவில்லை. பித்துப்பிடித்தவனிடமிருந்து விலகுவதுபோல முந்தானையை இழுத்துவிட்டு விலகி, கத்தரிக்காயைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அப்போது செண்பகம் கொம்பையாவின் முகத்தைப் பார்த்தாள். போலீஸ் விலங்கு பூட்டியபோதும் நீதிமன்றக் கூண்டிலும் வராத ஒன்று அதில் வந்திருந்தது. சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு நிற்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் கண்ணை ஓட்டினான். இத்தனை காலமும் அடுத்தவர் கண்ணில் தன்னைப் பார்த்தே பெருத்து வந்தவன், முதல்முறையாக ஒரு கண்ணில் தன்னைக் காணாமல் திகைத்தான்.

செண்பகம் சீட்டுக்கு அடியிலிருந்து வெறுங்கையை எடுத்தாள். மறுநாள் அந்த அரிவாளை இளநீர்க்காரனுக்குக் கொடுத்துவிட்டாள்.

*

அவள் முதலில் போய் நின்றது சுடலைமணியின் டீக்கடையில்.

"அண்ணாச்சி, ஒறக்கம் வருதா?"

சுடலைமணி கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினான். நீதிமன்றத்தில் பொய் சொன்ன நாளிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. "எனக்குப் புள்ளகுட்டி இருக்கு தாயி" என்றான்.

"நான் சண்டைக்கு வரல. அவன் ஒங்களயும் மெரட்டினான்லா? கடைய எரிச்சிருவேன்னான்லா? அதுவும் பாதிப்புதான். அங்க போனா நல்லா ஒறங்கலாம். நான் ஓசியில கூட்டிட்டுப் போறேன்."

மையத்தில் கேள்விகள் அதிகம் இல்லை. கொல்லப்பட்டவனின் வீட்டாருக்கு மட்டும் என்று தொடங்கிய திட்டம், நல்ல பேர் கிடைத்ததும், மிரட்டப்பட்டவர்கள், அடிபட்டவர்கள், அவமானப்பட்டவர்கள் என்று விரிந்திருந்தது. மேலே இருப்பவர்களுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். சுடலைமணி போனான், கொம்பையாவைக் கொன்றான், வந்து உறங்கினான். மறுவாரம் கொம்பையா கடைக்கு வந்து, "ஏல, ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்றபோது, சுடலைமணி தலையைத் தூக்கி அவனைத் தாண்டிச் சாலையைப் பார்த்தான். அடுத்து நின்றவனுக்கு டீ ஆற்றினான்.

அதன்பிறகு செண்பகம் ஓயவில்லை. கொம்பையாவிடம் அறை வாங்கியவர்கள், அவனால் படப்பு எரிந்தவர்கள், தண்ணீர் கேட்டு வசவு வாங்கிய பெண்கள் என்று ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறினாள். யாரையும் அவள் பொய் சொல்லி அழைக்கவில்லை. வெள்ளூரணியில் கொம்பையாவைக் கொல்ல ஆசைப்படாத வீடு அரிது. ஆட்டோ நிறையப் போவார்கள். போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு போகிறவர்கள் வரும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டுமே அவனைக் கொன்றதாக நம்பினார்கள். டாக்டரம்மா சொன்னது போலவே, அதைப் பற்றி யாரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பயம் போனதும் ஊர் எழுந்தது. செத்தவனுடைய ஆழ்குழாய்கள் குளத்தில் எதற்கு என்று நாலு பேர் கம்பியோடு போய்ப் பிடுங்கிப் போட்டார்கள். கொம்பையா குறுக்கே நின்று கத்தினான். கரையில் நின்ற நாயை விலக்குவதுபோல விலக்கிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஒருவனை அவன் அடித்தபோது, அடி வாங்கியவன் நடுங்கிப்போய்த் திருநீறு பூசிக்கொண்டான். கொம்பையாவின் ஆவி உலாவுகிறது என்ற பேச்சு அன்றுதான் தொடங்கியது.

அகாலமாய்ச் செத்தவனைச் சாந்தப்படுத்தும் வழி அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். குளத்துக்கரையில் மண்ணால் ஒரு பீடம் எழுப்பி வெள்ளையடித்தார்கள். சுருட்டும் முட்டையும் சாராயமும் வைத்துக் கும்பிட்டார்கள். "கொம்பையா, ஊருக்குள்ள வராத. ஒனக்கு வேண்டியத இங்கேயே தாரோம்." தன் பீடத்தைக் கொம்பையாவே காலால் உதைத்துச் சரித்தான். மறுநாள் இன்னும் பெரிதாகக் கட்டினார்கள்.

ரெஜினா செண்பகத்தைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஒரே ஊரு. ஒரே ஆளு. இது தற்செயல் இல்லன்னு எனக்குத் தெரியும். ஒரு மனுஷனை உயிரோட புதைச்சிருக்கீங்க."

"நான் அவன் மேல ஒரு விரல் வைக்கல. ஒங்க மெசின்தான் செஞ்சுது."

"இது வைத்தியத்துக்கு வச்ச மெஷின். நீங்க ஆயுதமாக்கிட்டீங்க."

"வைத்தியந்தான் டாக்டரம்மா. எங்க ஊர்ல வந்து பாருங்க. எல்லாரும் சாப்புடுதாவ, ஒறங்குதாவ. குளத்துல தண்ணி கெடக்கு. சண்ட சச்சரவு ஒண்ணு கெடையாது. முன்னேத்தம் வந்துருக்கு. வேண்டாம்னா நிறுத்திருங்க."

ரெஜினா நிறுத்த எழுதத்தான் செய்தாள். மேலேயிருந்து வந்த பதில் வேறாக இருந்தது. குற்றமே நடக்காத கிராமம் என்று வெள்ளூரணியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மையத்துக்குப் பாராட்டுக் கேடயம் வந்தது. ரெஜினா அதைப் பிரிக்காமல் அலமாரிக்கு மேலே போட்டாள்.

*

ஒருநாள் காலையில் செண்பகம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கொம்பையாவின் மனைவி பிரமு வந்து நின்றாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போ, ஏட்டி."

செண்பகம் துணியைக் கீழே போட்டாள். "சித்தி, நீங்க எதுக்கு?"

"எதுக்கா?" பிரமு ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். தோளுக்குக் கீழே பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன. சில சூடு போட்டவை. "இது உன் தம்பி சாவுக்கும் முந்தி. கல்யாணம் ஆன மறுவாரத்துல இருந்து."

"சித்தி, யோசிச்சிக்கிடுங்க. நாங்கல்லாம் அவர ரோட்டுல பாக்கோம். நீங்க ஒரே வீட்டுல இருக்கிய. திரும்பி வந்தா வீட்டுக்குள்ள ஒரு வேத்தாளு நிப்பான்."

"இப்ப மட்டும் யாரு நிக்கா?" என்றாள் பிரமு. "ஊர்ல ஒருத்தனும் மதிக்கலன்னு அம்புட்டையும் எம்மேலதான் எறக்குதாரு. அவருக்கு மிஞ்சி இருக்க ஒரே ஆளு நான்தான். எனக்கு முடியல தாயி."

செண்பகம் இதை எண்ணியிருக்கவில்லை. ஊரை ஒவ்வொருவராக அவனிடமிருந்து பிடுங்கியபோது, மிஞ்சியவள் என்ன ஆவாள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு முதல்முறையாக, வண்டியை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. பிரமுவே ஏறி உட்கார்ந்து, "எடு" என்றாள்.

திரும்பி வரும் வழியில் பிரமு தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டு வாசலில் நின்ற கொம்பையாவைப் பார்த்து, "யாரு நீங்க? ஆம்பள இல்லாத வீடு. அங்கிட்டுப் போங்க" என்று சொல்லிக் கதவைத் தாழிட்டாள். அவன் கதவை உடைத்தான். அவள் போட்ட கூச்சலில் தெரு கூடியது. வேற்றாள் என்று எண்ணியவர்களும் ஆவி என்று அஞ்சியவர்களும் சேர்ந்து வேப்பிலையாலும் விளக்குமாற்றாலும் அடித்து அவனை ஊர் எல்லைக்குத் துரத்தினார்கள்.

கொம்பையா ஊரைவிட்டுப் போனான். தங்கச்சி ஊரில் கொஞ்ச காலம் இருந்தான். அங்கே எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், பேசினார்கள். ஆனால் அங்கே அவன் வேலையில்லாத ஒரு கிழவன். அவன் பேரைக் கேட்டு ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை. அவன் கொம்பையாவாக இருந்தது வெள்ளூரணியில் மட்டும்தான். அதனால் திரும்பி வந்தான். பாழடைந்த மோட்டார் அறையில் படுத்துக்கொண்டு, பீடத்தில் வைக்கும் முட்டையைத் தின்றான்.

*

பங்குனி வெயிலில் ஒரு நடுப்பகல். செண்பகம் காலி ஆட்டோவோடு டவுனிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் தாடியும் அழுக்கு வேட்டியுமாக ஒருவன் கையை நீட்டினான். நிறுத்தினாள். ஏறினான். பழக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "எங்க போவணும்?"

விம்மல் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். கொம்பையா.

"எங்கிட்ட கேட்டியா?" என்றான் அவன். "என்னையப் பாத்துத்தான கேட்ட? நான் தெரியுதேன்லா ஒனக்கு?"

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். இத்தனை நாள் காத்திருந்தது இந்த அழுகைக்குத்தான். இனிக்கும் என்று நினைத்திருந்தாள்.

"தெரியுது" என்றாள். "நான் அங்க போகல."

"தெரியும். ஊருக்குள்ள நடக்கும்போது ஓங் கண்ணு மட்டுந்தான் எம்மேல நிக்கும். கொல்லுத மாதிரிப் பாப்ப. அந்தப் பார்வைக்காகவே ரோட்டோரம் வந்து நிப்பேன்." அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "போலீஸ்ல போய், நான்தான் வெட்டினேன்னு சொன்னேன் தாயி. கேஸ் முடிஞ்சு போச்சு, ஒரு குத்தத்துக்கு ரெண்டு தடவ விசாரிக்க முடியாது, போயிருன்னுட்டாவ. நீயாவது வெட்டிரு. ஒங்கையால சாவுதேன்."

"எதுக்கு வெட்டணும்? கருமாதி எல்லாம் முடிஞ்சிட்டு. பீடமும் வச்சாச்சு."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிப்பதை நிறுத்திவிட்டு அவன் சொன்னான்:

"பலவேசம் அன்னைக்கு நீலச் சட்ட போட்டிருந்தான்."

செண்பகம் திரும்பினாள்.

அந்தச் சட்டையைப் பற்றி அவள் யாரிடமும் பேசி எத்தனையோ காலமாயிற்று. தம்பியின் பேச்சை எடுத்தால் கோமதி, "நல்ல பிள்ள. அவனுக்கு நியாயம் கெடச்சிட்டுல்லா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் விளக்கப் போய்விடுவாள். சுடலைமணி டீ ஆற்றுவான். ஊரில் ஒரு தொண்டையும் அடைப்பதில்லை, ஒரு கண்ணும் கலங்குவதில்லை. அவன் எப்படி இருந்தான், எப்படிப் போனான் என்பதைச் சுமப்பதற்கு அவளை விட்டால் இன்னொரு ஆள் இல்லை என்று எண்ணியிருந்தாள். இன்னொரு ஆள் பின்சீட்டில் இருந்தான்.

அப்போது எதிரே விறகுக் கட்டோடு சுடலைமணியின் மனைவி வந்தாள். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். பின்சீட்டின் மேல் அவள் கண் ஒரு நொடி தடுக்கியது. உடனே முகத்தைத் திருப்பி எச்சிலைத் துப்பினாள்.

"ஏட்டி செண்பகம், உச்சி வெயில்ல ஒத்தையில உக்காந்து யார்ட்டப் பேசிட்டிருக்க? ஒங்கம்மாவும் சொல்லி வெசனப்படுதா, நீ ஒறங்க மாட்டேங்கன்னு. ஊர்ல எல்லாருக்கும் சொவமாயிட்டு. நீ ஒருத்திதான் பாக்கி. நாளைக்கே அந்த டாக்டரம்மாட்ட ஒன்னையக் கூட்டிட்டுப் போகணும்னு பேசியிருக்கோம்."

அவள் போன பிறகு கொம்பையா பேயறைந்தவன்போல் இருந்தான். "கூட்டிட்டுப் போயிருவாவ" என்றான். "ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருவாவ. தாயி, நீ மட்டும் அங்க போயிராத. என்னைய வையி, அடி, தெனமும் காறித் துப்பு. ஆனா எம்மேல இருக்க கோவத்த விட்ராத. நீயும் மறந்துட்டா நான் எங்க இருப்பேன்?"

அவள் ஊருக்குப் போகும் சாலையைப் பார்த்தாள். வீட்டில் தாய் சோற்றை வடித்து வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பாள். கூப்பிட்டால் கூடவே படுத்து உறங்கலாம். ஓர் ஊசி தூரம்தான். அந்த ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை.

"போக மாட்டேன்" என்றாள்.

கொம்பையா கையெடுத்துக் கும்பிட்டான்.

"கும்பிடாத. நீ தெனமும் வரணும். நான் எங்க நிறுத்துதேனோ அங்க வந்து ஏறணும்." அவள் கண்ணாடியைத் திருப்பி அவன் முகம் முழுதாகத் தெரியும்படி வைத்தாள். "இப்பச் சொல்லு. அன்னைக்குக் காலையில நீ அரிவாள எடுத்ததுல இருந்து சொல்லு. ஒண்ணையும் விடாமச் சொல்லணும்."

அவன் சொல்லத் தொடங்கினான்.